வாசகர் கேள்வி - பதில்: வரியை உடைத்தவர்

போன இதழில் கோவை வாசகர் ஒருவர், "தலையும் காலும் புரியாத மாதிரி எழுதியே பெரிய கவிஞர் ஆனவர் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தார். "ஏன் இல்லை, அமெரிக்கக் கவிஞர் ஈ. ஈ. கம்மிங்ஸ்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது வம்பாகிவிட்டது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, சினிமாவும் அரசியலும் பேரன் படிப்பும் அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். இந்தத் தடவை கம்மிங்ஸ் மட்டும்.

"அவர் பேரை ஆங்கிலத்தில் கேபிடல் போடாமல் சின்ன எழுத்தில்தான் எழுதுவார், அதற்காகச் சட்டப்படியே பேரை மாற்றிக்கொண்டார் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்கள். நிஜமா சார்?"
கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

இல்லைம்மா, கட்டுக்கதை. அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1964-இல் வந்த ஓர் ஆய்வு நூலின் முன்னுரையில் யாரோ அப்படி எழுதிவைக்க, மனைவி மரியன் அதைப் படித்துவிட்டுக் கொதித்துப்போனார். ஆனால் கதைக்குக் கால் முளைத்துவிட்டது, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, உங்கள் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது பாருங்கள். அட்டையில் பேரைச் சின்ன எழுத்தில் போட்டதெல்லாம் பெரும்பாலும் பதிப்பாளர்களின் கைவேலை. அவர் கையெழுத்துப் போடும்போது அநேகமாகப் பெரிய எழுத்தைத்தான் பயன்படுத்தினார். பாஸ்டனில் அவர் கல்லறைக் கல்லில் 'எட்வர்ட் எஸ்ட்லின் கம்மிங்ஸ்' என்று முழுப் பேரும் பெரிய எழுத்தில்தான் இருக்கிறது.

அவர் நிஜமாகவே சின்னதாக்கியது வேறொன்றை. ஆங்கிலத்தில் 'நீ' சின்ன எழுத்து, 'அவள்' சின்ன எழுத்து, 'நான்' என்கிற 'ஐ' மட்டும் வரியின் எந்த மூலையில் வந்தாலும் தலையை நிமிர்த்திக்கொண்டு பெரிய எழுத்தில் நிற்கும். அதைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே இல்லாததால் இது நமக்குச் சட்டென்று உறைக்காது. ஆனால் நம் பக்கத்தில் ராத்திரி கதவைத் தட்டினால், உள்ளே இருந்து "யாருங்க?" என்று குரல் வரும், வெளியே நிற்பவர் "நானுங்க" என்பார். தன்னைச் சொல்லும்போதே ஒரு 'ங்க' போட்டுத் தன்னை அரைப்படி இறக்கிக்கொள்கிற அந்தப் பேச்சு மாதிரிதான் கம்மிங்ஸின் சின்ன 'ஐ' என் காதில் விழுகிறது.

"நான் தறி ஓட்டுகிறவன். இழை அறுந்தால் எங்களுக்குக் கூலியில் பிடிப்பார்கள். இந்த மனுஷர் வரியையும் வார்த்தையையும் கண்டபடி அறுத்துப் போட்டிருக்கிறார், பரிசு கொடுத்திருக்கிறார்கள். என்னங்க நியாயம்?"
நெசவாளர், சென்னிமலை

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி உங்களுடையதுதான். பரிசு வாங்கியது உண்மை, 1958-இல், அமெரிக்காவில் கவிதைக்கென்று கொடுக்கிற போலிங்கன் பரிசு. அதே வருஷம் வந்த '95 கவிதைகள்' என்ற தொகுப்பின் முதல் கவிதையை உங்கள் தொழிலை வைத்தே சொல்லிப்பார்க்கிறேன், அப்புறம் அறுந்த இழையா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

மொத்தமே நாலு சொல். தனிமைக்கு ஆங்கிலத்தில் 'லோன்லினெஸ்' என்பார்கள் இல்லையா, அந்தச் சொல்லின் முதல் எழுத்தான 'எல்'லை மட்டும் எழுதினார். உடனே அடைப்புக்குறியைத் திறந்து, 'ஓர் இலை விழுகிறது' என்பதை அதற்குள் வைத்து, குறியை மூடி, அப்புறம் தனிமையின் மிச்ச எழுத்துகளை எழுதி முடித்தார். அதாவது தனிமை பாவு, இலை ஊடை. (தறி தெரியாதவர்களுக்கு: பாவு நீள இழை, ஊடை குறுக்கு இழை, நாடா அந்தக் குறுக்கு இழையை இழுத்துப் போகிற கட்டை.) நாடா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற மாதிரி இலை தனிமைக்குள் புகுந்து வருகிறது. இதைப் படுக்கையாக எழுதாமல், வரிக்கு ஒன்று, இரண்டு, மூன்று எழுத்தாக, கடைசி வரியில் மட்டும் ஐந்தாக, மேலிருந்து கீழே விட்டிருக்கிறார், பக்கத்தில் ஒல்லியாக ஒரு கோடு இறங்குகிற மாதிரி இருக்கும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். தனிமைக்கு ஆங்கிலத்தில் 10 எழுத்து. இலை விழுவதற்கும் 10 எழுத்து. மொத்தம் 9 வரி, அதை ஒரு வரி, மூன்று வரி, ஒரு வரி, மூன்று வரி, ஒரு வரி என்று இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறார். இலை என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்து 'ஏ, எஃப்' என்று ஒரு வரியில் நிற்கிறது, அதற்கு அடுத்த வரியில் விழுகிறது என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்து 'எஃப், ஏ' என்று திரும்பி நிற்கிறது. இலை அந்த இடத்தில் ஒரு புரட்டு புரண்டுவிட்டது! தனிமையை உடைத்த இடத்தில் 'ஒன்' என்ற சொல், அதாவது 'ஒன்று', தனி வரியில் அகப்பட்டுக்கொண்டு நிற்கிறது. அதற்கடுத்த வரியில் வெறும் 'எல்' மட்டும். அந்தக் காலத்து டைப்ரைட்டர் பலவற்றில் 1 என்ற எண்ணுக்குத் தனிக் கட்டை கிடையாது, சின்ன 'எல்'லைத்தான் 1 ஆகத் தட்டுவார்கள். ஆக அதுவும் ஒன்று.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேம்பு நிற்கிறது. மாசிக் கடைசியில் பழுத்த இலை உதிரும்போது நேராகக் கீழே வந்து விழாது. கொஞ்சம் இறங்கும், காற்றில் ஒருக்களித்து நிற்கும், புரளும், மறுபடி இறங்கும். காலையில் வாசல் கூட்டுகிற நேரத்தில் விளக்குமாற்றைப் பிடித்தபடி அதைப் பார்த்து நின்றிருக்கிறேன், திட்டும் வாங்கியிருக்கிறேன். அதைத்தான் அந்த மனுஷர் எழுத்தை வைத்து நெய்திருக்கிறார். ஜமக்காளத்தில் கோட்டுக்கு எத்தனை இழை என்று கணக்கு வைப்பவர் நீங்கள், இதில் ஒரு இழை மாறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"சும்மா இலக்கணம் தெரியாததை மறைக்கத்தான் இப்படியெல்லாம் என்று நினைக்கிறேன்."
வாசகர், கரூர்

அப்படி நினைத்துத்தான் நானும் ரொம்ப நாள் இருந்தேன். அவர் அப்பா ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து பிறகு பாதிரியார் ஆனவர், இவரும் அங்கேயே கிரேக்கம், லத்தீன் எல்லாம் படித்து 1915-இல் பட்டமும் அடுத்த வருஷம் முதுகலையும் வாங்கியவர். எட்டு வயதிலிருந்து இருபத்திரண்டு வயது வரை தினம் ஒரு கவிதை என்று எழுதிப் பழகியிருக்கிறார். 14 வரி 'சானெட்' என்ற பழைய கட்டுப்பாடான வடிவத்தில் கடைசி வரை நூற்றுக்கணக்கில் எழுதினார், அதுதான் பலருக்குத் தெரியாது. வெண்பா பாடத் தெரிந்தவன் புதுக்கவிதைக்கு வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கிட்டத்தட்ட 2,900 கவிதை எழுதியிருக்கிறார். அத்தனையும் தேறாது. நிலா, பூ, வசந்தம், காதலி என்று ஒரே மாவை அரைத்த கவிதைகள் ஏராளம், அதில் எழுத்தைச் சிதறடித்தது வெறும் அலங்காரமாகத்தான் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை.

"இந்த மாதிரிக் கவிதையை யாருங்க அச்சுக் கோர்த்தது? அவனுக்குக் கோயில் கட்டணும்."
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி, ஈரோடு

அண்ணா, கேள்வியைப் படித்ததும் ஈய எழுத்தின் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நானும் உங்கள் ஊர் அச்சகம் ஒன்றில் நாலு வருஷம் புரூஃப் பார்த்தவன். பேர் வேண்டாம், ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருநாள் ஒரு இளவட்டம் கவிதைத் தொகுப்பு அச்சடிக்க வந்தார். மழை பெய்கிற கவிதை, சொற்களைப் படிப்படியாகச் சரித்து எழுதியிருந்தார். புரூஃப் வந்தபோது எல்லாச் சொல்லும் இடது ஓரத்தில் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கிறது. எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் அண்ணனைக் கேட்டேன். "இடம் வீணாப் போகுதுங்க, அதான் சரி பண்ணிட்டேன்" என்றார். கவிஞருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. மறுபடி கோர்க்கச் சொன்னதும் அண்ணன் எழுத்துப் பெட்டியிலிருந்து வெற்றுக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி கோர்க்கிற ஸ்டிக்கில் வைத்துக்கொண்டே முணுமுணுத்தார்: "எழுத்துக்குக் கூலி கேட்டாத் தர்றாங்க, காலி இடத்துக்குக் கேட்டாக் கோவிச்சுக்கறாங்க."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கம்ப்யூட்டரில் நாம் ஒரு தட்டு தட்டினால் இடைவெளி வந்துவிடுகிறது. ஈயத்தில் அப்படிக் கிடையாது, வெறும் இடம் வேண்டுமென்றாலும் அதற்கு அளவாக ஒரு கட்டையை எடுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்த்து வைத்த பக்கம் ஆடி எழுத்தெல்லாம் கொட்டிப்போகும். கம்மிங்ஸ் கவிதையில் காலியாக இருக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆள் கட்டை வைத்திருக்கிறார்.

அந்த ஆளின் பேர் எஸ். ஏ. ஜேக்கப்ஸ். பாரசீகத்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். ஒரு காற்புள்ளி அரை எழுத்து தள்ளி நின்றாலும் விடாத கம்மிங்ஸுக்கு ஈடுகொடுத்து அவருடைய பல புத்தகங்களைக் கோர்த்தவர். 1935-இல் கம்மிங்ஸின் ஒரு தொகுப்பை 14 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் அம்மா கொடுத்த 300 டாலரை வைத்து, இந்த ஜேக்கப்ஸ் மூலமாகத்தான் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். பேர் 'நோ தேங்க்ஸ்', அதாவது 'வேண்டாங்க, நன்றி'. சமர்ப்பணப் பக்கத்தில் திருப்பி அனுப்பிய 14 பதிப்பகங்களின் பேரையும் வரிசையாகப் போட்டு, அந்தப் பட்டியலை ஒரு அஸ்திக் கலசத்தின் வடிவத்தில் கோர்க்க வைத்தார். பவானி கூடுதுறைக்கு மஞ்சள் துணி கட்டி எடுத்துப்போவோமே, அந்தக் கலசம்தான். எனக்குத் தெரிந்து உலக இலக்கியத்தில் இதைவிட அழகான வசவு கிடையாது. புத்தகத்தை அம்மாவுக்குக் காணிக்கையாக்கவும் மறக்கவில்லை.

அந்தத் தொகுப்பில்தான் வெட்டுக்கிளிக் கவிதையும் இருக்கிறது. வெட்டுக்கிளி என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மூன்று தடவை மூன்று விதமாகக் கலைத்துப் போட்டிருப்பார், ஒன்றும் பிடிபடாது, புல்லுக்குள் ஏதோ துள்ளுகிறது என்று மட்டும் தெரியும். நாலாவது தடவை கடைசியில் எழுத்தெல்லாம் ஒழுங்காகி வந்து உட்காரும். வரப்பில் நடக்கும்போது அப்படித்தானே, பாய்ந்து முடித்து உட்கார்ந்த பிறகுதான் அது வெட்டுக்கிளி என்று தெரிகிறது.

"ஜெயிலுக்குப் போனவராமே?"
வாசகர், தாராபுரம்

போனார். முதல் உலகப் போரில் 1917-இல் ஆம்புலன்ஸ் படையில் தொண்டராகச் சேர்ந்து பிரான்சுக்குப் போனார். கூட இருந்த நண்பர் பிரவுன் எழுதிய கடிதங்கள் தணிக்கைக்காரர்கள் கண்ணில் பட, இரண்டு பேரையும் உளவாளி என்று சந்தேகப்பட்டுப் பிடித்துவிட்டார்கள். விசாரணையில், "ஜெர்மன்காரர்களை வெறுக்கிறாயா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். வெறுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். இவர், எனக்குப் பிரெஞ்சுக்காரர்களை ரொம்பப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னார். கிட்டத்தட்ட மூன்று மாதம் நார்மண்டியில் ஒரு பெரிய கூடத்தில் ஊர் பேர் தெரியாத ஆட்களோடு அடைத்து வைத்தார்கள். அப்பா அமெரிக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதி அலைந்தார், அந்த டிசம்பரில் விடுதலை. அந்த அனுபவம்தான் 1922-இல் வந்த 'தி எனார்மஸ் ரூம்' என்ற உரைநடைப் புத்தகம். கவிதை பக்கமே போகாதவர்கள் அதைப் படிக்கலாம், சிரிக்க வைக்கிற சிறைப் புத்தகம்.

"குடும்பம், அரசியல்?"
வாசகர், உடுமலைப்பேட்டை

இரண்டுமே சிக்கல். நண்பரின் மனைவியோடு காதல், அதில் 1919-இல் ஒரு பெண் குழந்தை. பிறகு நண்பரை விட்டு வந்த அந்த மனைவியையே கல்யாணம் செய்தார், நிலைக்கவில்லை, அவர் குழந்தையோடு வேறு ஒருவரிடம் போய்விட்டார். இரண்டாவது கல்யாணமும் அப்படியே. பிறகு வந்த மரியன்தான் கடைசி வரை கூட இருந்தவர். மகளுக்கு இவர்தான் அப்பா என்றே தெரியாது. வளர்ந்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு ஒரு கவிஞரைப் பார்க்கிறோம் என்றுதான் வந்து போய்க்கொண்டிருந்தார். கம்மிங்ஸ் ஓவியரும்கூட, அந்தப் பெண்ணை உட்கார வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்த நாட்களில்தான் விஷயத்தைச் சொன்னார். தன் அப்பாவைப் பற்றி அவ்வளவு நல்ல கவிதை (அதைக் கீழே சொல்கிறேன்) எழுதியவர் தான் அப்பாவாக இருந்ததில் சுமார்தான்.

அரசியலில், 1931-இல் ரஷ்யாவுக்குப் போய் மனம் கசந்து திரும்பி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். வயதாக ஆக வலது பக்கம் சாய்ந்து கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களைத் துரத்திய செனட்டர் மெக்கார்த்தியின் ஆள்வேட்டையைக்கூட ஆதரித்தார். 1950-இல் வந்த தொகுப்பில் யூதர்களை இழித்துச் சொல்கிற வரிகள் இருந்தன, நண்பர்கள் எடுத்துவிடச் சொல்லியும் கேட்கவில்லை. மற்ற இடத்தில் ஒரு புள்ளிக்கு அத்தனை யோசித்தவர் இங்கே யோசிக்காமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நம்மிடம் இல்லாததா? தண்டியலங்காரத்தில் சித்திரகவி படித்திருக்கிறீர்களா?"
ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காங்கேயம்

ஐயா, வணக்கம். படித்திருக்கிறேன், உங்களை மாதிரி ஒருவரிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். தேர் வடிவத்தில், பாம்பு வடிவத்தில், முரசு வடிவத்தில் எழுத்தை அடைக்கிற பாட்டெல்லாம் நம்மிடம் உண்டு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருகிற மாலைமாற்றைச் சம்பந்தர் பதிகமாகவே பாடியிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி ஏழு வரை போய் இறங்குகிற திருவெழுகூற்றிருக்கையைச் சம்பந்தரும் பாடினார், திருமங்கையாழ்வாரும் பாடினார். அதனால் கம்மிங்ஸைப் பார்த்து நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை என்பதில் நானும் உங்கள் கட்சி. ஆனால் சித்திரகவியில் தேர் முதலிலேயே இருக்கிறது, எழுத்து போய் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். கம்மிங்ஸிடம் ஒவ்வொரு கவிதைக்கும் ஒரு புது வண்டி.

அதைத் தமிழில் கொண்டுவர நானே உட்கார்ந்து பார்த்தேன், ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. முதல் தடங்கல், நம் எழுத்தை உடைக்க முடிவதில்லை. 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் தனித்தனி வரியில் போடலாம் என்று பார்த்தால், கம்ப்யூட்டர் சும்மா விடுவதில்லை, உடைத்த இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டத்தைக் கொண்டுவந்து வைக்கிறது, மெய்யெழுத்து எங்கே என்று கேட்கிற மாதிரி. ஈய எழுத்துக் காலத்தில் இதைச் சுலபமாகச் செய்திருக்கலாம், ஏனென்றால் கொம்பும் காலும் அப்போது தனித்தனிக் கட்டை.

இரண்டாவது தடங்கல் இன்னும் வேடிக்கை. கம்மிங்ஸ் சொற்களின் வரிசையைக் குலைப்பார், ஆங்கிலக்காரர்கள் அதிர்ந்துபோவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வரிசை மாறினால் கடித்தவன் யார், கடிபட்டவன் யார் என்பதே மாறிவிடும். நமக்கு 'நாய் அவனைக் கடித்தது', 'அவனைக் கடித்தது நாய்', 'கடித்தது அவனை நாய்' எல்லாம் ஒன்றுதான், 'ஐ' என்ற உருபு காவல் நிற்கிறது. அவர் சுவரேறிக் குதித்த இடத்தில் நமக்குச் சுவரே இல்லை. அதனால் தமிழில் ஒருவர் அந்த அதிர்ச்சியைத் தர வேண்டுமென்றால் உருபில் கை வைக்க வேண்டும், அல்லது 'ங்க'வில்.

நம் மண்ணில் சோதனை நடக்காமலும் இல்லை. 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' என்ற கவிதை இயக்கம் கிளம்பியது, ஆனால் அவர்கள் கவிதை பெரும்பாலும் மேடைக்கு, காதுக்கு. கண்ணுக்கு எழுதிய கம்மிங்ஸுக்கு நேர் எதிர்த் திசை. சென்னிமலையில் பிறந்த ஈரோடு தமிழன்பன் ஹைக்கூவையும், லிமரிக் என்கிற ஐந்து வரி ஆங்கில வேடிக்கைப் பாட்டையும் கலந்த 'லிமரைக்கூ' என்ற வடிவத்தில் தமிழில் எழுதி, 'சென்னிமலைக் கிளியோபாத்ராக்கள்' என்று தொகுப்புக்குப் பேர் வைத்தார். மேலே கேள்வி கேட்ட நெசவாளர் அண்ணன் அதைத் தேடிப் படிக்கலாம், சொந்த ஊர்ப் பேர் அட்டையிலேயே இருக்கிறது.

"அவர் கவிதையைச் சத்தமாகப் படிக்க முடியுமா?"
பள்ளி ஆசிரியை, பொள்ளாச்சி

பாதியை முடியும். காதல் கவிதைகளும், அப்பாவைப் பற்றிய கவிதையும் வாய்விட்டுப் படிக்கத்தான். 1926-இல் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது அப்பா போன காரில் ரயில் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார், அம்மா அடிபட்டுப் பிழைத்தார். அவரைப் பற்றிய கவிதை 1940-இல்தான் தொகுப்பில் வந்தது. அவர் தானே படித்த ஒலிப்பதிவுகளும் இருக்கின்றன, நிதானமான குரல், கோயிலில் ஓதுகிற மாதிரி. ஆனால் இலைக் கவிதையை, வெட்டுக்கிளியை எல்லாம் படிக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், ஒவ்வொரு எழுத்தாக, மேலிருந்து கீழே.

"கடைசியில் எப்படி இறந்தார்?"
வாசகர், சத்தியமங்கலம்

நியூயார்க்கில் பாட்சின் பிளேஸ் என்ற சந்தில் ஒரு சின்ன வீடு, நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அங்கேதான் குடியிருந்தார். கோடை வந்தால் நியூ ஹாம்ப்ஷையரில் குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்துக்குப் போய்விடுவார். 1962 செப்டம்பர் தொடக்கத்தில் ஒருநாள் அங்கே நல்ல வெயிலில் விறகு பிளந்துகொண்டிருந்தார், வயது 67. மரியன் உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டார். கோடாலியைத் தீட்டி வைத்துவிட்டு வருகிறேன் என்றார். தீட்டி வைத்துவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்குள் வந்ததும் பக்கவாதத்தில் சாய்ந்தவர், 3-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.